நேர்முகத் தேர்வில் நம் தோற்றம்: எதை மாற்றலாம், எதை மாற்ற வேண்டாம்?



தைப்பூசத்துக்கு மொட்டை போட்ட கையோடு லத்திஹான் இண்டஸ்திரிக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தால் என்ன செய்வது? ஒரு வாரத்தில் முடி வளராது. நெற்றியில் திருநீறோடு போகலாமா, அழிச்சிட்டுப் போகணுமா? பொட்டு வைக்கும் தங்கைகளுக்கும் கையில் கோயில் கயிறு கட்டியிருக்கும் தம்பிகளுக்கும் இதே குழப்பம்தான். "பயப்படாம அப்படியே போ" என்று ஓர் அண்ணன் சொல்வார். "முதல்ல வேலையை வாங்கு, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இன்னோர் அண்ணன் சொல்வார். இரண்டு பேருமே நம் நல்லதுக்குத்தான் சொல்றாங்க. ஆனால் எந்த இடத்தில் எது சரி என்று பிரித்துச் சொல்வது குறைவு. இந்தப் பாடத்தில் அதைப் பிரித்துப் பார்ப்போம்.

1. தோற்றம் உண்மையிலேயே பாதிக்குமா?

பாதிக்கும். அதை மறைப்பதில் லாபம் இல்லை.

எட்வர்ட் தோர்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1920-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இராணுவத்தில் மேலதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார். உடல்வாகு, அறிவு, தலைமைத்துவம், குணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியா மார்க். ஆனால் உடல்வாகில் நல்ல மார்க் வாங்கியவர்களுக்கு அறிவிலும் குணத்திலும்கூட நல்ல மார்க்கே விழுந்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்த ஒரு விஷயம், தெரியாத எல்லா விஷயத்துக்கும் சேர்த்துச் சாட்சி சொல்லிவிடுகிறது. இதை ஒளிவட்ட விளைவு என்பார்கள்.

சம்பளத்திலும் இது தெரியும். டேனியல் ஹாமர்மெஷ், ஜெஃப் பிடில் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்கா, கனடா தரவுகளை வைத்து 1994-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சராசரித் தோற்றம் உள்ளவர்களைவிட, தோற்றத்தில் அதற்குக் கீழே என்று மதிப்பிடப்பட்டவர்கள் 5 முதல் 10 விழுக்காடு குறைவாகச் சம்பாதித்தார்கள். பெண்களுக்கு மட்டும் இல்லை, ஆண்களுக்கும் இதே கதிதான். நம் நாட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் 3,000 ரிங்கிட் சம்பளத்தில் 5 விழுக்காடு என்றால் மாதம் 150 ரிங்கிட், வருஷத்துக்கு 1,800 ரிங்கிட் என்று போட்டுப் பாருங்க. சின்ன விஷயம் இல்லை.

இங்கே நம்மில் பலர் ரெஸ்யூமிலேயே படத்தை ஒட்டி அனுப்புகிறோம். அதைத் திறப்பவர் நம் சிஜிபிஏவைப் பார்க்கும் முன்னாலேயே முகத்தைப் பார்த்துவிடுகிறார். படம் கேட்கவில்லை என்றால் வைக்கணும் என்று கட்டாயம் இல்லை. அந்த இடத்தில் ஃபைனல் இயர் புராஜெக்ட் பற்றி இரண்டு வரி எழுதலாம்.

2. மூன்று வகையாகப் பிரிப்போம்

முதல் வகை: நம் கையில் உள்ளவை

இஸ்திரி போட்ட சட்டை, சுத்தமான நகம், வியர்வை நாற்றம் இல்லாத உடம்பு, சீராக வெட்டிய தாடி, துடைத்த காலணி. இதற்குப் பெரிய செலவு வேண்டாம். பாசார் மாலாமில் வாங்கிய சட்டையும் அளவு சரியாக இருந்தால் எடுப்பாகத் தெரியும். எல்ஆர்டியில் இறங்கி வெயிலில் நடக்கணும் என்றால் சட்டையைப் பையில் வைத்துப் போய், அங்கே மாற்றிக்கொள்ளுங்க. தொழிற்சாலை நேர்முகத் தேர்வு என்றால் மூடிய காலணி போடுங்க. பேசி முடிந்ததும் "வாங்க, உள்ளே சுத்திப் பார்க்கலாம்" என்று உற்பத்திப் பகுதிக்குக் கூட்டிப் போக வாய்ப்பு உண்டு.

இதில் சோம்பல் கூடாது. கோயிலுக்குக் குளித்து, துவைத்த துணி கட்டிப் போகிற பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கு. அதே மரியாதையை வேலைக்கும் கொடுக்கணும்.

இரண்டாம் வகை: காரணம் உள்ள விதிகள்

பொறியியல் மாணவர்களுக்கு இது நல்லாத் தெரியும். லேத் மெஷின் சுற்றும்போது கையில் கயிறோ வளையலோ இருந்தால் அது மாட்டிக் கையையே இழுத்துவிடும். பினாங்கிலும் கூலிமிலும் சிப் செய்யும் தொழிற்சாலைகளில் கிளீன்ரூம் இருக்கு. அங்கே கண்ணுக்குத் தெரியாத தூசு ஒன்று விழுந்தாலும் பொருள் கெட்டுப்போகும். அதனால்தான் பவுடர், ஒப்பனை எல்லாவற்றுக்கும் அங்கே தடை. திருநீறும் உதிரும் தூள்தான். அந்த விதி நம் சமயத்தைப் பார்த்துப் போட்டது இல்லை. லிப்ஸ்டிக் போட்டவருக்கும் அதே விதி.

இப்படிப்பட்ட இடத்தில் காலையில் வீட்டில் பூசி வழிபட்டுவிட்டு, உள்ளே நுழையும் முன் கழுவிக்கொள்ளலாம். கயிற்றைக் கழற்றி பர்ஸில் பத்திரமாக வைக்கலாம். இதில் தெய்வக் குற்றம் எதுவும் இல்லை. ஓர் உயிரைக் காப்பாற்றும் விதியை மதிப்பதும் தர்மம்தான்.

மூன்றாம் வகை: நாம் யார் என்பதைச் சொல்பவை

நம் தோல் நிறம், உயரம், உடல்வாகு, பொட்டு, நேர்த்திக்கடனுக்குப் போட்ட மொட்டை. இவற்றுக்கும் வேலைத்திறனுக்கும் சம்பந்தம் இல்லை. இங்கேதான் நம்ம ஆளுங்க தேவையில்லாமல் கூனிக்குறுகிப் போகிறோம்.

முதலில் நிறம். வேலைக்குப் போகும் முன் "கொஞ்சம் வெள்ளையாகணும்" என்று பெயர் தெரியாத கிரீமை வாங்கிப் பூசுபவர்கள் இன்னும் இருக்காங்க. சில வெளுப்பு கிரீம்களில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் நாட்டில் அழகுப் பொருள்களில் அதைச் சேர்க்கத் தடை உண்டு. ஃபேர் அண்ட் லவ்லி கிரீம்கூட 2020-இல் தன் பெயரிலிருந்து அந்த "ஃபேர்" என்ற சொல்லை எடுத்துவிட்டது. நாம் மட்டும் ஏன் பிடித்துக்கொண்டு இருக்கணும்?

அடுத்து மொட்டை. யாராவது கேட்டால் மன்னிப்புக் கேட்கிற குரலில் பதில் சொல்லாதீங்க. "தைப்பூசத்துக்கு விரதம் இருந்தேன், நேர்த்திக்கடன் முடிச்சேன்" என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு, வேலையைப் பற்றிய பேச்சுக்குத் திரும்புங்க. பத்துமலையைத் தெரியாத மலேசியர் குறைவு.

பொட்டு, திருநீறு வேண்டாம் என்று சொன்னால், சண்டைக்குப் போகாமல் ஒரே கேள்வி கேளுங்க: "உடை விதி எழுத்தில் இருந்தால் காட்ட முடியுமா? என்ன காரணம்?" பாதுகாப்புக் காரணம் இருந்தால் அது இரண்டாம் வகை. காரணமே இல்லை என்றால், அந்த இடத்தில் தொடர்ந்து வேலை செய்ய நமக்கு இஷ்டமா என்று முடிவு எடுக்கலாம். வீட்டு நிலைமையால் அந்த வேலையை விட முடியாத தம்பி தங்கைகளும் உண்டு. அவர்களைப் பக்தி குறைந்தவர்கள் என்று யாரும் பேசக்கூடாது.

3. சட்டம் என்ன சொல்கிறது?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கு. அதன் 69F பிரிவின்படி, வேலையில் பாகுபாடு என்ற புகாரைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். அவர் உத்தரவுக்குக் கீழ்ப்படியாத முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஆனால் இது வேலையில் இருப்பவர்களுக்கானது. நேர்முகத் தேர்வோடு திருப்பி அனுப்பப்பட்டவருக்கு இது கைகொடுக்காது. அண்டை நாடான சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டத்திலும் இனம், சமயம், வயது, உடற்குறை எல்லாம் பட்டியலில் இருக்கு. தோற்றம் என்று தனியாக எதுவும் இல்லை.

எடை விஷயத்தில் நம் தொழில்துறை நீதிமன்றம் 2020-இல் முதலாளி பக்கமே தீர்ப்புச் சொல்லியிருக்கு. 25 ஆண்டு வேலை செய்த ஒரு விமானப் பணிப்பெண், நிறுவனம் வைத்த எடை வரம்பைவிட 0.7 கிலோ கூடுதலாக இருந்தார் என்று நீக்கப்பட்டார். நிறுவனம் போதிய அவகாசம் கொடுத்தது என்று நீதிமன்றம் நீக்கத்தை ஏற்றுக்கொண்டது. அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் தோற்றம் பற்றிய நிபந்தனைகளைப் படிங்க. சட்டம் ஓரளவுதான் துணைக்கு வரும்.

4. நம் நூல்கள் காட்டும் வழி

மகாபாரதத்தின் வன பருவத்தில் அஷ்டாவக்கிரர் கதை வருகிறது. உடம்பு எட்டு இடத்தில் கோணிய சிறுவன், ஜனகரின் வேள்விக்கு வாதம் செய்யப் போகிறான். வாசல் காவலர் "சின்னப் பையன்களுக்கு இங்கே இடமில்லை" என்று நிறுத்துகிறார். நரைத்த தலை ஒருவரைப் பெரியவர் ஆக்காது, கற்ற அறிவுதான் ஆக்கும் என்று அவன் அங்கேயே வாதாடி உள்ளே போகிறான். பிறகு அரசவைப் புலவர் வந்தியை வாதத்தில் வெல்கிறான். கவனிங்க, அவன் தன் உடம்பை மறைக்கவும் இல்லை, வாசலிலேயே கோபப்பட்டுத் திரும்பவும் இல்லை. பதில் சொல்லும் அளவுக்குப் படித்துவிட்டு வந்திருந்தான்.

திருவள்ளுவர் 667-ஆம் குறளில் தேரின் அச்சாணியைக் காட்டி, ஆளின் உருவத்தைப் பார்த்து எடை போடாதீர்கள் என்கிறார். அது வினைத்திட்பம் என்ற அதிகாரத்தில், அதாவது செய்யும் வேலையில் உறுதி பற்றிப் பேசும் இடத்தில் வருகிறது. சின்ன ஆணிதான், ஆனால் அது கழன்றால் சக்கரம் ஓடிவிடும். மெக்கானிக்கல் படிப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

5. நம் பக்கமும் பார்ப்போம்

முதலாளிகளை மட்டும் குறை சொன்னால் பாடம் முடியாது. நம் திருவிழாவில் சந்தனம், குங்குமம், பன்னீர் கொடுத்து வரவேற்க யாரை நிறுத்துகிறோம்? "கொஞ்சம் நிறமா இருக்கிற பிள்ளையை நிறுத்துங்க" என்று சொன்னவர்களை நாம் கேட்டிருக்கிறோம். பந்தலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் பிள்ளைக்கு அது புரியும். வேலைக்குப் போகும் முன்னாலேயே தன் நிறம் ஒரு குறை என்று அந்தப் பிள்ளை நம்மிடமிருந்தே கற்றுக்கொள்கிறது.

இதை மாற்ற எளிய வழி இருக்கு. அறிவிப்பாளரையோ செயலவை உறுப்பினரையோ தேர்ந்தெடுக்கும்போது எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேளுங்க. கலந்து பேசும் முன் ஒவ்வொருவரும் தனித்தனியாக மார்க் எழுதுங்க. அமெரிக்க இசைக்குழுக்கள் சில, திரைக்குப் பின்னால் இருந்து வாசிக்கச் சொல்லி ஆள் எடுக்கின்றன. நம்மால் திரை கட்ட முடியாவிட்டாலும் கேள்வித்தாள் தயாரிக்க முடியும்.

வகுப்பில் கலந்து பேச:

1. உங்கள் தோற்றத்தில் உள்ள ஐந்து விஷயங்களை எழுதி, மேலே சொன்ன மூன்று வகையில் எதில் சேரும் என்று பிரியுங்கள்.

2. மொட்டை, பொட்டு, கயிறு பற்றி நேர்முகத் தேர்வில் கேட்டால் சொல்லும் இரண்டு வரிப் பதிலை மலாயிலும் ஆங்கிலத்திலும் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

3. அடுத்த திருவிழாவில் வரவேற்பு மேசைக்கு யாரை நிறுத்தப் போகிறீர்கள்? ஏன்?