எல்லைப்புற மாவட்டங்களில் இரைச்சல்

மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்த இடைவெளிகளுள் மிகப் பெரியது பாலக்காட்டுக் கணவாய். சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் இருப்புப்பாதையும் இதன் வழியேதான் கேரளத்தினுள் நுழைகின்றன. எல்லையிலுள்ள வாளையாற்றில் மாநில அரசின் சிமெண்ட் தொழிற்சாலை இயங்குகிறது. அதற்குச் சற்று மேற்கே கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை பரந்து கிடக்கிறது. நெடுஞ்சாலை, இருப்புப்பாதை, ஆலை ஆகிய மூன்றும் ஒரே பகுதியில் நெருங்கி நிற்பதால், அவற்றின் இரைச்சலும் ஒன்றன்மேல் ஒன்றாக அங்குள்ள குடியிருப்புகளின்மீது விழுகிறது.

தெற்கே இடுக்கி மாவட்டத்தின் நிலைமை வேறு வகையானது. குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு ஆகிய மலைவாயில்கள் தேனி மாவட்டத்தோடு அதனை இணைக்கின்றன. இங்கே பெருந்தொழில்கள் இல்லை. ஆனால் கொண்டைஊசி வளைவுகளில் ஏறியிறங்கும் பேருந்துகளும் சரக்கு வாகனங்களும், கார்த்திகை முதல் தை வரை குமுளி வழியே செல்லும் சபரிமலை யாத்திரிகர் வண்டிகளும், பீர்மேடு, தேவிகுளம் வட்டங்களின் தேயிலை ஆலைகளும் உண்டு. இவ்வாலைகளிலும் தோட்டங்களிலும் தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர் உழைத்து வருகின்றனர்.

இவ்விரு பகுதிகளையும் சேர்த்து ஆராயும்போது ஓர் உண்மை புலனாகிறது. இரைச்சலின் கேட்டைத் தீர்மானிப்பவை வாகனங்களின் எண்ணிக்கையோ எந்திரங்களின் எண்ணிக்கையோ அல்ல. மிகுந்த ஒலி எழுப்பும் மிகச் சிலவும், அவை ஒலிக்கும் நேரமுமே ஆகும். இதனை விளங்கிக்கொள்ள டெசிபல் என்னும் அளவின் கணக்கைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

டெசிபல் கணக்கு

டெசிபல் சாதாரணக் கூட்டலுக்குக் கட்டுப்படாத மடக்கை அளவு. 80 டெசிபல் ஒலி எழுப்பும் ஒரு லாரியின் பக்கத்தில் அதே போன்ற மற்றொரு லாரி வந்து நின்றால் மொத்தம் 160 ஆவதில்லை. 83 மட்டுமே ஆகிறது. ஒலியின் ஆற்றல் இரு மடங்காகும்போது அளவு 3 டெசிபல் கூடுகிறது. பத்து மடங்காகும்போது 10 கூடுகிறது. செவிக்கு ஒலி ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுவது இந்தப் பத்து டெசிபல் உயர்வில்தான்.

இதன் நடைமுறைப் பொருள் கவனிக்கத்தக்கது. ஒரு சாலையில் ஓடும் வாகனங்களில் பாதியை நீக்கிவிட்டாலும் இரைச்சல் 3 டெசிபலே குறையும். மக்கள் அதனை உணர்வதும் அரிது. மாறாக, தலைக்கு 75 டெசிபல் எழுப்பும் பத்து வண்டிகளுக்கு நடுவே ஒரு பேருந்து 100 டெசிபல் அளவில் காற்று ஒலிப்பானை முழக்கினால், பத்து வண்டிகளின் கூட்டொலி 85தான். அந்த ஒரு பேருந்தின் ஒலி அவை யாவற்றையும் விழுங்கிவிடும். நிருவாகத்தின் முயற்சியும் செலவும் எங்கே செல்லவேண்டும் என்பதை இக்கணக்கே சொல்லிவிடுகிறது.

உடல்நலத்திற்கு நேரும் கேடு

உட்செவியின் நத்தைக்கூடு போன்ற பகுதியில் நுண்ணிய மயிரணுக்கள் ஒவ்வொரு செவியிலும் ஏறத்தாழ 15,000 உள்ளன. ஒலியதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுபவை இவையே. ஒருமுறை அழிந்த மயிரணு மனிதரிடத்தில் மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சலால் முதலில் பழுதடைவது விநாடிக்கு 4,000 அதிர்வுகளை ஒட்டிய உயர்சுருதி ஒலிகளைக் கேட்கும் பகுதியாகும். ஆகவே பாதிக்கப்பட்டவர் தமக்குச் செவி கேட்கவில்லை என்று தொடக்கத்தில் உணர்வதில்லை. பிறர் தெளிவாகப் பேசுவதில்லை என்றே கருதுகிறார். பேச்சு காதில் விழும். ஆனால் ‘பத்து’ என்பதா ‘பட்டு’ என்பதா என்ற ஐயம் எழும். வன்மெய்களின் வேறுபாடு மங்கிப்போவதே அதற்குக் காரணம். நோய் வலியின்றி, பல்லாண்டுகளில், படிப்படியாக வருவதால் மருத்துவரிடம் செல்லும்போது செய்வதற்கு அதிகம் இருப்பதில்லை.

செவிக்கு வெளியே நேரும் கேடுகள் இதனினும் பரந்தவை. உறங்குபவரின் செவி உறங்குவதில்லை. திடீரென எழும் ஒலி அவரை விழிக்கச் செய்யாவிட்டாலும் நாடித்துடிப்பை விரைவுபடுத்தி, மன அழுத்தத்தின்போது சுரக்கும் இயக்குநீர்களைக் குருதியில் கலக்கச் செய்கிறது. இது இரவு தோறும் நிகழும்போது இரத்த அழுத்தமும் இதயநோய்க்கான வாய்ப்பும் உயர்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பிய நாடுகளுக்கென வெளியிட்ட வழிகாட்டி, சாலை இரைச்சல் 10 டெசிபல் உயரும்போது இதயத் தமனி நோய் ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுகிறது என்ற ஆய்வு முடிவை ஏற்று, சாலை இரைச்சல் இரவில் 45 டெசிபலுக்கு மேற்படலாகாது எனப் பரிந்துரைத்தது. அதே நிறுவனம் 1999இல் வெளியிட்ட நெறிமுறையில், படுக்கையறைக்குள் தனித்தனியே எழும் ஒலி 45 டெசிபலைத் தாண்டலாகாது என்று கூறியிருந்தது. இரவு முழுவதற்குமான சராசரியை மட்டும் எடுத்தால், நள்ளிரவில் கடக்கும் நான்கு சரக்கு ரயில்களின் முழக்கம் எண்களுக்குள் மறைந்துவிடும்; அந்த நான்கு முறையும் விழித்துக்கொள்ளும் முதியவரின் துன்பமோ மறைவதில்லை.

பள்ளிக் குழந்தைகளைப் பற்றிய சான்று ஒன்று நியூயார்க் நகரிலிருந்து கிடைத்துள்ளது. உயர்த்தப்பட்ட இருப்புப்பாதையை ஒட்டிய ஒரு பள்ளியில், பாதையை நோக்கிய வகுப்பறைகளில் பயின்ற குழந்தைகள் எதிர்ப்புற வகுப்பறைக் குழந்தைகளைவிட வாசிப்புத் திறனில் பின்தங்கியிருந்ததை 1975இல் ஆர்லின் பிரான்சாஃப்ட் என்னும் உளவியலாளரும் அவரோடு பணியாற்றியவரும் வெளியிட்டனர். பின்னர் தண்டவாளத்தில் அதிர்வடக்கும் ரப்பர் பட்டைகளும் வகுப்பறைகளில் ஒலியுறிஞ்சும் மேற்கூரையும் பொருத்தப்பட்டன. 1981இல் வெளிவந்த மறு ஆய்வில் அவ்வேறுபாடு மறைந்திருந்தது. நெடுஞ்சாலையையோ இருப்புப்பாதையையோ ஒட்டிப் பள்ளி அமையும் இடங்களில், பிள்ளைகளின் மந்தத்திற்கு ஆசிரியரையும் பெற்றோரையும் குறை கூறுமுன் சன்னல் எப்பக்கம் திறக்கிறது என்பதையும் அதிகாரிகள் பார்ப்பது நன்று.

ஆலையினுள் ஓசை

பறித்த தேயிலைக் கொழுந்தை 12 முதல் 18 மணி நேரம் வரை வாட்டவேண்டும். பகலில் பறித்த கொழுந்து வாடி முடியும்போது நள்ளிரவோ விடியற்காலையோ ஆகிவிடுகிறது. ஆதலின் கொழுந்து மிகுந்த காலத்தில் சி.டி.சி. எந்திரங்களின் பல்லுருளைகள் எதிரெதிராகச் சுழல்வதும், உலர்த்திகளின் விசிறிகள் ஓடுவதும் பெரும்பாலும் இரவிலேயே நடைபெறுகின்றன. உள்ளே வேலை செய்பவரின் செவி ஒருபுறம் தேய, ஆலைக்கு அருகிலுள்ள லயங்களில் அடுத்த நாள் கொழுந்து பறிக்கச் செல்லவேண்டியவரின் உறக்கம் மறுபுறம் தேய்கிறது.

இந்தியத் தொழிற்சாலை விதிகள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவந்த அட்டவணை, பாதுகாப்புச் சாதனமின்றி 90 டெசிபலில் 8 மணி நேரமும், 95இல் 4 மணி நேரமும், 100இல் 2 மணி நேரமும் வேலை செய்ய இடமளிக்கிறது. அதாவது ஒவ்வொரு 5 டெசிபல் உயர்வுக்கும் நேரம் பாதியாகிறது. ஆனால் ஒலியாற்றல் இரட்டிப்பது 3 டெசிபலில் என்பதை மேலே கண்டோம். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் நலவாழ்வுக்கான தேசிய நிறுவனத்தின் பரிந்துரை இந்த மூன்றையே அடிப்படையாகக் கொண்டு, 85 டெசிபலில் 8 மணி நேரம் எனத் தொடங்குகிறது. அதன்படி 100 டெசிபலில் பணிபுரியத் தக்க நேரம் 15 நிமிடமே. இரண்டு மணி நேரத்திற்கும் கால் மணி நேரத்திற்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிதன்று. இரைச்சலால் நேரும் செவித்திறன் இழப்பு தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்கத்தக்க நோய்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. ஆயினும் பணியில் சேரும்போதும் அதன்பின் ஆண்டுதோறும் செவித்திறன் சோதனை நடத்தப்பட்டாலன்றி, இழப்பு ஆலையால் நேர்ந்ததா முதுமையால் நேர்ந்ததா என்று எவராலும் மெய்ப்பிக்க இயலாது. சோதனை இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை.

சட்டத்தின் நிலை

1981ஆம் ஆண்டுக் காற்று மாசுச் சட்டத்தில் 1987இல் செய்யப்பட்ட திருத்தம் இரைச்சலையும் காற்றை மாசுபடுத்தும் பொருள்களுள் ஒன்றாகச் சேர்த்தது. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் எனவும், வணிகப் பகுதியில் 65, 55 எனவும், தொழிற்பகுதியில் 75, 70 எனவும் வரம்பு கட்டின. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அறிவிக்கப்படும் அமைதி மண்டலத்தில் வரம்பு 50, 40 ஆகும். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை.

நீதிமன்றங்களும் துணை நின்றுள்ளன. பேச்சுரிமை என்பது ஒலிபெருக்கி வைத்துப் பிறரைக் கட்டாயமாகக் கேட்கச் செய்யும் உரிமையாகாது எனக் கேரள உயர்நீதிமன்றம் 1990களின் தொடக்கத்திலேயே பி.ஏ. ஜேக்கப் வழக்கில் கருத்துரைத்தது. சென்னையில் எழுந்த ஒரு வழக்கில், எந்தச் சமயமும் ஒலிபெருக்கியால் அயலாரின் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டுமென விதிக்கவில்லை என உச்சநீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10 அன்று நேர்ந்த பெரும் வெடிவிபத்தை அடுத்து, சூரியன் மறைந்தபின் பேரொலி வெடிகளைக் கேரள உயர்நீதிமன்றம் தடைசெய்தது. பாலக்காடு மாவட்டத்தின் நெம்மாறை வல்லங்கி வேலாவில் இரு தேசத்தார் போட்டியிட்டு நிகழ்த்தும் வாணவேடிக்கை புகழ்பெற்றது. அது ஆண்டுக்கொரு முறை வருவது. வெடிக்கு மிக அருகில் நிற்போரைத் தக்க தொலைவில் நிறுத்திவிட்டால், நாள்தோறும் சாலையில் ஒலிக்கும் ஒலிப்பானைவிட அதனால் ஊராருக்கு நேரும் கேடு குறைவே எனலாம்.

குறைவு சட்டத்தில் இல்லை, அளப்பதில்தான் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011இல் தொடங்கிய தேசிய ஒலி கண்காணிப்பு வலையத்தின் 70 நிலையங்களும் சென்னை, பெங்களூரு உள்ளிட்ட ஏழு பெருநகரங்களிலேயே அமைந்தன. எல்லைப்புறச் சிற்றூரின் இரைச்சலை எண்ணாக்கித் தருவார் அரியர்.

குறைக்கும் வழிகள்

முதலில் ஒலிப்பான். பல சுருதிகளில் மாறி மாறி ஒலிக்கும் ஒலிப்பான்களையும், காதைப் பிளக்கும் கடுமையான ஒலிக்கருவிகளையும் 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் தடைசெய்துள்ளன. தேவையின்றி ஒலியெழுப்புவோருக்கு முதல் முறை 1,000 ரூபாயும், மறுமுறை 2,000 ரூபாயும் தண்டம் விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. கேரளப் போக்குவரத்துத் துறை 2025 அக்டோபரில் காற்று ஒலிப்பான்களைப் பறிமுதல் செய்யும் சிறப்பு நடவடிக்கையை மேற்கொண்டது. இத்தகைய நடவடிக்கைகள் ஒரு வாரத்தோடு ஓய்ந்துவிடாமல் தகுதிச் சான்று வழங்கும் வழக்கமான சோதனையின் பகுதியாதல் வேண்டும். மலைச்சாலை வளைவுகளில் ஒலிப்பான் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்பது உண்மையே. ஆனால் எதிர்வரும் வண்டியைக் காட்டும் குவியாடி வைக்கப்பட்ட வளைவில் அத்தேவை பெரிதும் குறைகிறது.

இரைச்சலைக் கருதிச் செய்யப்படாத சீர்திருத்தங்களும் அதனைக் குறைப்பதுண்டு. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் நீங்கியதால், வாளையாற்றில் மைல் கணக்கில் வரிசையாக நின்று எஞ்சின் உறுமிக்கொண்டிருந்த லாரிகள் நகர்ந்தன. எனினும் வேகம் கூடும்போது சக்கரத்தின் உராய்வொலி எஞ்சின் ஒலியை விஞ்சிவிடும் என்பதையும் மறத்தலாகாது. வாளையாறு–கஞ்சிக்கோடு வனப்பகுதியில் யானைகள் ரயிலில் அடிபடுவதைத் தடுக்க விதிக்கப்பட்ட வேகக் கட்டுப்பாடும் இவ்வகையில் மனிதருக்கும் உதவுவதே. ரயிலின் வேகம் பாதியானால் தண்டவாள ஒலி ஏறத்தாழ 9 டெசிபல் தணியும்.

சாலையோரம் ஒரு வரிசை மரம் நட்டால் இரைச்சல் அடங்கிவிடும் என்று மரம் நடு விழாக்களில் பேசப்படுவதுண்டு. நிழலுக்கும் தூசிக்கும் மரம் நல்லது. ஒலிக்கு ஒற்றை வரிசையால் பயன் மிகச் சிறிதே. ஒலி பிறக்குமிடத்தையும் வீட்டுச் சன்னலையும் இணைக்கும் நேர்கோட்டை மறைக்கும் சுவர் 5 முதல் 10 டெசிபல் வரை குறைக்கவல்லது.

எல்லைப்புறத்திற்கே உரிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. ஒலி மாசு விதிகளைச் செயற்படுத்தும் அதிகாரியை அந்தந்த மாநில அரசே குறிக்கிறது. ஒலிபெருக்கி ஒரு மாநிலத்திலும் அதனைக் கேட்டு உறங்காதவர் மற்றொரு மாநிலத்திலும் இருந்தால், முறையீடு எவரிடம் செல்வது என்பதிலேயே இரவு கழிந்துவிடும். இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. சித்திரா பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயில் விழாவிற்காக இடுக்கி, தேனி மாவட்ட நிருவாகங்கள் முன்கூட்டிக் கூடி ஏற்பாடுகளைச் செய்கின்றன. அக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் ஒலிபெருக்கி, பேருந்து ஒலிப்பான், யாத்திரைக்கால இரவுப் போக்குவரத்து ஆகியவற்றையும் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது. பாலக்காடும் கோவையும் இவ்வாறே செய்யலாம்.

மிக மலிவான தடுப்பு, கட்டடம் எழுமுன் வரைபடத்தில் செய்யப்படுவது. 1,710 ஏக்கரில் 3,806 கோடி ரூபாய் செலவில் பாலக்காட்டில் தொழில் நகரம் அமைக்க மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் இசைவளித்தது. கணவாயில் மார்கழி, தை மாதங்களில் கீழைக்காற்றும், ஆனி, ஆடி மாதங்களில் மேலைக்காற்றும் வலுவாக வீசுகின்றன. காற்று செல்லும் திசையில் ஒலி தரையை நோக்கி வளைந்து நெடுந்தொலைவு செல்லும் இயல்புடையது. ஆதலின் இரவிலும் ஓடவேண்டிய உருக்காலை, அரவை ஆலை போன்றவற்றைத் தொழிலாளர் குடியிருப்புக்குக் கிழக்கிலோ மேற்கிலோ அமைக்காமல், வடக்கிலோ தெற்கிலோ ஒதுக்கி அமைத்தல் வேண்டும். இடையே கிடங்குகளும் அலுவலகங்களும் வருமாறு மனைகளைப் பிரித்தால், அக்கட்டடங்களே தனிச் செலவின்றித் தடுப்புச் சுவராகிவிடும்.