வலையமைப்பிலிருந்து கருவிகளை நீக்குதல்: அந்தமான் நிகோபார் தீவுகளை முன்வைத்து

சென்னையையும் அந்தமான் நிகோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடி ஒளியிழை வடத்திற்கு 2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் அடிக்கல் நாட்டப்பெற்றது. 2020 ஆகஸ்ட் 10 அன்று அது செயற்படத் தொடங்கியது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வடத்திற்கு ஆன செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனம் இப்பணியை நிறைவேற்றியது. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேரோடு, சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், சிறிய அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, பெரிய நிகோபார் ஆகியவையும் இதனால் தொடர்பு பெற்றன. அதற்கு முன் தீவுகளுக்கும் தாயகத்திற்குமிடையே செயற்கைக்கோளின் குறுகிய அலைவரிசையே பெரும்பாலும் துணை நின்றது.

இத்தகைய திட்டங்களில் புதிதாக நிறுவப்படுவன யாவும் கணக்கில் ஏறுகின்றன. அவற்றால் தேவையற்றுப் போகும் பழைய மோடங்கள், ரூட்டர்கள், சுவிட்சுகள் ஆகியவற்றை எவ்வாறு விலக்குவது என்பது குறித்து நாம் அதிகம் சிந்திப்பதில்லை.

வலையமைப்பு மேலாண்மை அமைப்பு என்பது மையத்தில் இருந்தபடியே தொலைவிலுள்ள ஒவ்வொரு கருவியையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நலம் விசாரிக்கும் மென்பொருளாகும். பதில் வாராவிடில் திரையில் எச்சரிக்கை எழும். கழற்றப்பட்ட கருவியின் பெயர் பட்டியலில் எஞ்சியிருப்பின், அந்த எச்சரிக்கை ஓயாது நிற்கும். நாளடைவில் பணியாளர் சிவப்பு நிறத்தையே பொருட்படுத்தாத நிலை உருவாகும். தகவல் பெருகப் பெருகக் கவனம் அரிய வளமாகிவிடுகிறது என்பதை 1978-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் சுட்டிக்காட்டியுள்ளார். பொருளியல் பயின்றவர்கள் இந்த இழப்பையும் செலவுக் கணக்கில் சேர்த்தல் வேண்டும். பல மென்பொருள்களுக்குக் கருவிகளின் எண்ணிக்கையைக் கொண்டே உரிமக் கட்டணம் கணக்கிடப்படுவதால், இல்லாத கருவிக்கும் பணம் செலுத்த நேரிடுகிறது. இறந்தவர் பெயரில் பங்கீட்டு அட்டை இருப்பது போன்றதே இதுவும்.

நீக்குவதற்கு ஒரு வரிசை உண்டு. அக்கருவியின் வழியே எந்தச் சேவையும் இப்போது செல்லவில்லை என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும். அதன் அமைவுக் குறிப்புகளுக்கும் பழைய செயற்பாட்டுப் பதிவுகளுக்கும் படி எடுத்து வைத்தல் வேண்டும். பின்னாளில் தணிக்கைக்கு அவை தேவைப்படும். அடுத்து மின் இணைப்பைத் துண்டித்துக் கருவியை அகற்ற வேண்டும். பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது அதன் பின்னரே. பலர் இவ்வரிசையைத் தலைகீழாகச் செய்கின்றனர். கருவி இயங்கிக்கொண்டிருக்கையில் பெயரை மட்டும் நீக்கினால், புதிய கருவிகளைத் தானே தேடிச் சேர்க்கும் வசதி அன்றிரவே அதனை மீண்டும் பட்டியலில் சேர்த்துவிடும். மாறாக, பெயரை நீக்காமலே அதன் முகவரியை வேறொரு கருவிக்கு அளித்தால், புதியதன் புள்ளிவிவரங்கள் பழையதன் பெயரில் பதிவாகும்.

அடையாளச் சொற்களையும் மாற்றுதல் இன்றியமையாதது. 1988-இல் வகுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி. நெறிமுறையின் தொடக்கப் பதிப்புகளில் அச்சொல் மறைக்கப்படாமலே பயணம் செய்கிறது. பல கருவிகளுக்கு ஒரே சொல்லை வைப்பதும் வழக்கம். எனவே, பழைய பொருளாக ஏலத்திற்குச் செல்லும் பெட்டி, எஞ்சிய வலையமைப்பின் திறவுகோலையும் உடன் கொண்டு செல்லக்கூடும்.

இதுவரை கூறியவை எவ்வூருக்கும் பொருந்துவன. தீவுகளுக்கே உரிய சிக்கல் வேறு. இத்தனை நாட்கள் பதில் தராத கருவியைத் தானாகவே நீக்கிவிடும் விதி சில மென்பொருள்களில் உண்டு. பெருநகர் ஒன்றில் இரு வாரம் பேசாத கருவி பெரும்பாலும் கழற்றப்பட்டதாகவே இருக்கும். ஆனால் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பெரிய நிகோபாரில் ஒரு கருவி பேசாதிருந்தால், மின்சாரம் தடைப்பட்டிருக்கலாம். மாற்று உறுப்பு கப்பலுக்குக் காத்திருக்கலாம். கடல் கொந்தளிப்பால் அக்கப்பலே புறப்படாதிருக்கலாம். இரு வார மௌனம் அங்கே ஒன்றையும் மெய்ப்பிப்பதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது நிகோபார்த் தீவுகளுடனான தொடர்பு அறுந்தது. அன்று அந்த மௌனமே மிகப் பெரிய செய்தி. அதனைத் திரையிலிருந்து அழிக்கும் விதி, உதவி எங்கே தேவை என்ற கேள்வியையும் சேர்த்து அழித்துவிடும்.

ஆகவே தானாக நீக்கும் விதியைத் தீவுகளின் கருவிகளுக்குப் பயன்படுத்தலாகாது என்பது என் கருத்து. ஐயத்திற்குரிய கருவியை 'கண்காணிப்பு நிறுத்தம்' என்ற நிலையில் காரணத்தோடும் தேதியோடும் வைக்கலாம். அந்நிலையில் எச்சரிக்கை ஒலிக்காது, பெயர் மறையாது. நீக்கும் ஆணையில் மையப் பொறியாளரின் கையொப்பத்துடன், கருவி கழற்றப்பட்டதைக் கண்ணால் கண்ட அத்தீவின் ஊழியருடைய கையொப்பமும் இடம்பெறல் வேண்டும். அதற்காகச் சில வாரங்கள் காத்திருக்க நேரிடினும், அதுவரை ஆகும் உரிமக் கட்டணம் தாங்கக்கூடிய செலவே.