கரையும் இரும்பின் கணக்கு
சொந்த ஊர் இலங்கை மலையகத்தின் கந்தப்பளை. பிழைப்பு கம்பஹா பக்கம், ஒரு மின்முலாம் பட்டறையின் கழிவுநீர்ப் பகுதியில். குரோமியத் தொட்டியிலிருந்து தூக்கிய சாமான்களைக் கழுவும்போது வரும் மஞ்சள் தண்ணீர்தான் என் பொறுப்பு. அந்த மஞ்சள் ஆறுவலுக் குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது. அதை அலட்சியம் செய்தால் என்னவாகும் என்பதற்குத் தமிழ்நாட்டின் ராணிப்பேட்டை சாட்சி. அங்கே 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்றரை லட்சம் தொன்னுக்கு மேல் கழிவைக் குவியலாக விட்டுப்போனது. நிலத்தடி நீர் கெட்டது.

நாங்கள் பயன்படுத்துவது மின்திரளல் முறை. தண்ணீருக்குள் இரும்புத் தகடுகளை வரிசையாக நிறுத்தி நேர்மின்னோட்டம் விடுவோம். மின்சாரத்தின் வேலை தகட்டைக் கரைப்பதோடு சரி. கரைந்த இரும்புதான் ஆறுவலுக் குரோமியத்தை நஞ்சு குறைந்த மூவலு வடிவத்துக்கு இறக்கி, துருச்சேறாகத் திரண்டு, அதையும் பிடித்துக்கொண்டு அடியில் படியும்.

ஆகவே முதலில் கணக்கு. 1 அம்பியர் 1 மணி நேரம் ஓடினால் 1 கிராமுக்குச் சற்று மேல் இரும்பு கரையும். 1 கிராம் குரோமியத்துக்கு ஏறத்தாழ 3.2 கிராம் இரும்பு வேண்டும். லீற்றருக்கு 20 மில்லிகிராம் குரோமியம் உள்ள 1000 லீற்றர் தண்ணீருக்கு 64 கிராம் இரும்பு, அதாவது 62 அம்பியர் மணி. கொஞ்சம் வீணாகும் என்பதால் மேலே கூட்டிக் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாதவரிடம் இயந்திரம் வாங்காதீர்கள். அலுமினியத் தகட்டைத் தலையில் கட்டப் பார்ப்பவரிடமும்தான். திரள் வெள்ளையாக, பார்க்க அழகாக வரும். ஆனால் இரும்பு செய்கிற அந்த இறக்கும் வேலையை அலுமினியம் செய்யாது.

கண்ணை நம்பக் கூடாது. மஞ்சள் மறைந்த பிறகும் டைபீனைல்கார்பசைட் கரைசல் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊதா ஏறினால் நஞ்சு இன்னும் இருக்கிறது. இந்தியாவில் மின்முலாம் பட்டறைகள் வெளியேற்றும் நீரில் ஆறுவலுக் குரோமியம் லீற்றருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த அளவு எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

நிக்கல் கழுவிய தண்ணீரை இதோடு கலக்காதீர்கள். குரோமியம் பிஎச் 7, 8இல் நன்றாகப் படியும். நிக்கலுக்கு 9க்கு மேல் வேண்டும். சயனைட்டு கலந்த தண்ணீர் என்றால் பேச்சே வேறு. அது உலோகத்தைக் கட்டிவைத்துக்கொண்டு படியவிடாது. அதில் அமிலம் பட்டால் ஆளைக் கொல்லும் வாயு வரும். தனிக் குழாய், தனித் தொட்டி, சயனைட்டை அழித்த பிறகே மற்ற வேலை.

தகட்டில் மேற்பூச்சுப் படிந்தால் மின்கட்டணம் ஏறும், இரும்பு கரையாது. துருவங்களைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுவதும் கொஞ்சம் உப்புச் சேர்ப்பதும் உதவும். எதிர்த்தகட்டில் ஐதரசன் வாயு கிளம்பும். தொட்டிக்கு மேலே காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் பீடியோ வெல்டிங்கோ ஆகாது.

சேற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிரித்த உலோகம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. பிழிந்து, பையில் கட்டி, அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவரிடம் கொடுக்கும் செலவையும் சேர்த்தே இந்த முறை மலிவா என்று பார்க்க வேண்டும். பின்வளவில் புதைக்கிறவர் சின்ன ராணிப்பேட்டை ஒன்றைத் தொடங்குகிறார்.

ஊருக்குப் போனபோது, அங்கே கரட் பயிரிடும் சித்தப்பா மகன் கேட்டான்: "அண்ணே, நம்ம கரட் கழுவுற தண்ணிக்கும் இந்த மெசினப் போடலாமா? ஒரத்துல கட்மியம் இருக்குன்னு சொல்றாங்களே."

வேண்டாம் என்றேன். பொசுபேற்று உரத்தோடு வரும் கட்மியம் பெரும்பாலும் மண்ணைப் பற்றிக்கொண்டுதான் கிடக்கும். கரட்டோடு ஒட்டிவரும் மண் அடியில் தங்குகிற மாதிரி இரண்டு குழி வெட்டினால், இயந்திரத்தின் செலவில் சிறு பங்குகூட ஆகாது. மண் புளித்திருந்தால் பயிர் கட்மியத்தைக் கூடுதலாக இழுக்கும். நம் மலை மண் புளித்த மண்தான். பிஎச் பார்த்து டொலமைட் போடுவதும், மண்ணில் ஏற்கெனவே பொசுபரசு இருக்கும்போது உரத்தைக் குறைப்பதும் அவன் கையிலிருக்கிற காரியம். சீதாஎலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மண்ணை எங்கே, எப்படிச் சோதிப்பது என்று முதலில் அங்கே போய்க் கேட்கச் சொன்னேன்.