படம் ஏன் விழுந்தது?



சுவரில் ஒரு படம் மாட்ட இயற்பியல் தெரிந்திருக்க வேண்டுமா? வேண்டாம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது என் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி.

நாங்கள் குடியிருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டே அறை கொண்ட சிறிய வீடு. என் தாயார் தம் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தஞ்சாவூர் ஓவியம் ஒன்று எங்களிடம் உண்டு. பலகை, மரச்சட்டம், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 6 கிலோ எடை. அதை மாட்டக் கயிறு வாங்கியபோது, "பத்துக் கிலோ தாங்கும் சார்" என்றார் கடைக்காரர். ஆறைவிடப் பத்து பெரிது. போதும் என்று நினைத்தேன். கயிறு வெளியே தெரிந்தால் அழகாக இராது என்று அதை நன்றாக இழுத்துக் கட்டி, கட்டிலுக்கு மேலே மாட்டினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நள்ளிரவில் கயிறு அறுந்து படம் கட்டிலின் மேல் விழுந்தது. கண்ணாடி நொறுங்கித் தலையணை முழுவதும் சிதறியது. அந்தக் கட்டிலில் நாள்தோறும் படுப்பவள் என் மகள். அன்று மட்டும் பாட்டியோடு கூடத்தில் படுத்திருந்தாள். அதே வாரம் வகுப்பில் நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் என்ன தெரியுமா? விசைகளின் சமநிலை!

கயிறு தாங்கும் சுமை எவ்வளவு?

படத்தின் பின்புறம் இரண்டு வளையங்கள். அவற்றுக்கிடையே 50 செ.மீ. தூரம். கயிற்றின் நடுப்பகுதி ஆணியில் தொங்குகிறது. வளையங்களை இணைக்கும் கோட்டிலிருந்து ஆணி 7 செ.மீ. உயரத்தில் இருந்தது. கயிற்றின் ஒவ்வொரு பாதியும் சாய்வாக இழுக்கிறது. அந்த இழுவிசையின் செங்குத்துக் கூறு மட்டுமே படத்தின் எடையைத் தாங்குகிறது. கிடைக் கூறுகள் வலமும் இடமுமாக ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன.

ஆகவே, ஒவ்வொரு பாதியின் செங்குத்துக் கூறும் எடையில் பாதி, அதாவது 3 கிலோகிராம் எடை. இனி ஒத்த முக்கோணங்களைப் பயன்படுத்துவோம். இழுவிசைக்கும் 3 கிலோவுக்கும் உள்ள விகிதம், பாதிக் கயிற்றின் நீளத்துக்கும் ஆணியின் உயரத்துக்கும் உள்ள விகிதமே. பாதிக் கயிற்றின் நீளத்தைப் பிதாகரஸ் தேற்றத்தால் கணக்கிட்டால் 26 செ.மீ. வருகிறது.

இழுவிசை = 3 × 26 ÷ 7 = 11 கிலோகிராம் எடை (ஏறக்குறைய).

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பத்துக் கிலோ தாங்கும் கயிற்றில் பதினொரு கிலோவை ஏற்றியவன் நான். எல்லையை ஒட்டி இருந்ததால் கயிறு மூன்று வாரம் தாக்குப்பிடித்தது. ஆணியில் உராய்ந்து நைந்ததும் அறுந்தது.

ஆணியின் உயரத்தை மாற்றினால் என்ன ஆகும்?

3 செ.மீ. உயரம்: 25 கிலோ
7 செ.மீ. உயரம்: 11 கிலோ
14 செ.மீ. உயரம்: 6 கிலோ
25 செ.மீ. உயரம்: 4 கிலோ

படம் அதேதான், எடையும் அதேதான். கயிறு கிடையாக நெருங்க நெருங்க இழுவிசை ஏறிக்கொண்டே போகிறது. விசைகளை முக்கோணத்தின் பக்கங்களாகக் கொண்டு ஆராயும் வழியைப் புரூஜ் நகரில் பிறந்த சைமன் ஸ்டெவின் 1586-இல் வெளியிட்ட தம் நூலில் காட்டினார். நானூறு ஆண்டுக்கும் மேற்பட்ட இந்தப் பாடத்தை நான் கரும்பலகையோடு விட்டுவிட்டேன்.

அப்படியானால் கயிறு வெளியே தெரியாமல் மாட்ட முடியாதா? முடியும். வளையங்களைச் சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே திருகுங்கள். கயிறு உயர்ந்து நின்றாலும் படத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். அதைவிடச் சிறந்த வழி, வளையத்துக்கு ஓர் ஆணியாக இரண்டு ஆணிகள் அடிப்பது. ஒவ்வொன்றும் 3 கிலோவை மட்டும் தாங்கும். படமும் ஒரு பக்கம் சாயாது.

ஆணியைக் கவனியுங்கள்

கயிறு சுவரை விட்டு எவ்வளவு தள்ளி ஆணியில் தொங்குகிறதோ, அவ்வளவுக்கு ஆணியைக் கீழே வளைக்கும் திருப்புத்திறன் கூடும். 2 செ.மீ. தள்ளித் தொங்குவதைவிட 4 செ.மீ. தள்ளித் தொங்கினால் அது இருமடங்கு. ஆகவே கயிறு சுவரை ஒட்டியே இருக்கட்டும். ஆணியின் தலை சற்று மேல்நோக்கி இருக்குமாறு சாய்த்து அடியுங்கள். சிறிய ஆணி மேற்பூச்சை மட்டுமே பிடித்திருக்கும்; கனமான படத்துக்குத் துளையிட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, திருகாணி போடுவதே நல்லது. ஸ்விட்சுப் பலகைக்கு நேர் மேலும் கீழும் துளையிடவே கூடாது. சுவருக்குள் மின்கம்பிகள் செல்லும் வழி பெரும்பாலும் அதுதான்.

எங்கே மாட்டுவது?

சிறிய வீட்டில் சுவர்கள் குறைவு. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் கண்ணாடி போட்ட படத்தை மாட்டினால், படம் தெரியாது, ஜன்னல்தான் தெரியும். படத்தின் மேல்பகுதியை 5 பாகை முன்னால் சாய்த்தால் எதிரொளிப்புக் கதிர் 10 பாகை கீழே திரும்பும். 3 மீட்டர் அகலமுள்ள அறையில் அது எதிர்ச்சுவரில் அரை மீட்டர் இறக்கம். பழைய வீடுகளில் நிலைப்படிக்கு மேல் படங்கள் முன்னால் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வால் கீழே நிற்பவருக்குப் படமும் நேராகத் தெரியும்.

வெயில் நேரே விழும் சுவரும் குளியலறையை ஒட்டிய ஈரச் சுவரும் ஆகா. முன்னதில் வண்ணம் வெளுக்கும். பின்னதில் காகிதம் பூஞ்சை பிடிக்கும்.

பல படங்களை மாட்டுவதானால், அவற்றின் அளவில் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பாருங்கள். பிடிக்கும்வரை மாற்றி ஒட்டுங்கள்; அதன்பின் ஆணி அடியுங்கள். நின்று பார்க்கும் இடத்தில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. இருக்கலாம். தரையில் உட்காரும் கூடத்தில் இன்னும் இறக்கலாம். இரண்டு ஆணிகளையும் ஒரே மட்டத்தில் குறிக்க ரசமட்டம் இல்லையா? கொத்தனாரைப் போலத் தெளிவான ரப்பர்க் குழாயில் குமிழியில்லாமல் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்.

செய்து பாருங்கள்

ஒரு தையல் நூலின் நடுவில் பூட்டு ஒன்றைக் கட்டுங்கள். நூலின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினால் பூட்டு தொங்கும். இனி முனைகளை மெல்ல விலக்கிக்கொண்டே போங்கள். நூல் நேர்க்கோடாவதற்கு முன்பே அறுந்துவிடுவதைக் காண்பீர்கள். (கீழே தலையணை இருக்கட்டும், கால் இருக்கவேண்டாம்!)

பின்பு இந்தக் கணக்கையும் போடுங்கள்: படம் 4 கிலோ, வளையங்களுக்கிடையே 40 செ.மீ.; ஆணியின் உயரம் 15 செ.மீ. கயிற்றின் இழுவிசை எவ்வளவு?

விடை கண்டபின் அளவுகோலை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுப் படங்களின் பின்புறம் பாருங்கள். கட்டிலுக்கு மேலே உள்ளதை முதலில் பாருங்கள். எங்கள் ஓவியம் புதிய கண்ணாடியோடு இப்போது கூடத்தில் இருக்கிறது. இரண்டு திருகாணிகள், அதன் கீழே யாரும் படுப்பதில்லை.