பரணில் போட்ட உயிர்கள்

கேள்வி: மகளின் பள்ளிப் பாடத்தில் அமீபா, கெல்ப் கடற்பாசி, மலேரியாக் கிருமி எல்லாமே புரோட்டிஸ்டுகள் என்று இருக்கிறது. இவை உறவா? (வாசகி, ஸ்காபரோ, ரொறன்ரோ)

பதில்: நெருங்கிய உறவில்லை. 'புரோட்டிஸ்டா' 1866இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் வைத்த பெயர். செல்லில் உட்கரு உள்ள உயிர்களில் விலங்கு, தாவரம், பூஞ்சை எதிலும் சேராதவற்றைப் போட்டுவைக்கும் பரணாகத்தான் அது இன்று பயன்படுகிறது. மரபணுவைப் பார்த்தால், ஒன்ராறியோ ஏரியில் மிதக்கும் டயாட்டம் என்ற நுண்பாசியும் கடலில் மரம்போல் வளரும் கெல்ப்பும் ஒரே வம்சம். கோவனோஃபிளாஜெல்லேட் என்ற ஒருசெல் நீருயிரிக்கோ மிக நெருங்கிய சொந்தம் நாம் உட்பட்ட விலங்குகள்!

இப்படிப்பட்ட வம்சங்களின் கணக்கு இன்னும் முடியவில்லை. நோவா ஸ்கோஷியாவில் நடைபயணம் போன டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வு மாணவி யானா எக்லிட் அள்ளிவந்த மண்ணில் ஹெமிமாஸ்டிக்ஸ் என்ற ஒருசெல் உயிரி கிடைத்தது. அதன் மரபணு தெரிந்த எந்தக் கிளையிலும் ஒட்டவில்லை. தனிக்கிளை என்று 2018இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. பரீட்சையில் மட்டும் மகள் புத்தகத்தில் உள்ளபடியே எழுதட்டும்.