கையெழுத்துப் போட்டால் போதுமா?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. மனநல மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். இரவில் தூங்குவதில்லை. சாப்பாட்டில் விஷம் வைத்திருப்பதாகச் சொல்லி அம்மாவை அடிக்கப் பாய்கிறான். ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறான். "கோயிலுக்குன்னு சொல்லிக் கூட்டிப்போய்ச் சேர்த்துடலாம், நாம கையெழுத்துப் போட்டாப் போதும்" என்கிறார் பெரியண்ணன். போதுமா டாக்டர்?

பதில்: போதாதும்மா. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அவருடைய நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் பேச அவரே எழுதித் தந்தவர், அப்படி யாரும் இல்லையென்றால் உறவினர்) விண்ணப்பம் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ, தனித்தனியாகத் தம்பியைப் பரிசோதித்து ஒப்புக்கொண்டால்தான் அனுமதி. சமீபத்தில் நடந்ததை அவர்கள் கேட்பார்கள். அம்மாவை அடிக்கப் பாய்ந்த நாட்கள், சாப்பிடாத நாட்கள், மாத்திரையை நிறுத்திய தேதி எல்லாவற்றையும் எழுதி எடுத்துப் போங்கள்.

அப்படிச் சேர்த்தாலும் 30 நாள்தான். ஏழு நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மருத்துவமனை தெரிவிக்க வேண்டும். 30 நாளுக்கு மேல் வைத்திருக்க இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும். 'குடும்பமே சம்மதித்துவிட்டது' என்பதோடு விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். சொந்தக்காரர்களே கொண்டுபோய் விட்டவர்கள் அவர்களில் பலர். சங்கிலியால் கட்டுவதை இன்றைய சட்டம் தடை செய்கிறது.

கோயில் பொய் வேண்டவே வேண்டாம். வீட்டார் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்பதுதான் தம்பியின் பயமே. அதை நீங்களே மெய்யாக்கிவிட்டால், பிறகு உங்கள் கையால் மாத்திரை வாங்க மாட்டார். "நீ தூங்கிப் பல நாளாச்சு, டாக்டர்கிட்ட போறோம், நானும் கூடவே இருப்பேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். எப்படிப் பேசுவதென்று தயங்கினால் 14416 என்ற தொலைபேசி எண்ணில் டெலி-மனஸ் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அம்மா உயிருக்கு ஆபத்து என்றால் காவல்துறையைக் கூப்பிடத் தயங்காதீர்கள். தம்பியைப் பாதுகாப்பாக அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போவது அவர்கள் கடமை.

கையெழுத்துப் போட்டவருக்கு வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. சிகிச்சை பற்றிக் கேட்பது, முடிவெடுக்கத் தம்பிக்குத் துணை நிற்பது, தேவையில்லாமல் வைத்திருந்தால் வாரியத்திடம் முறையிடுவது எல்லாம் அவர் பொறுப்பு.

தம்பி தெளிந்ததும், தன் பிரதிநிதி யார் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். சட்டம் அவருக்குத் தந்த உரிமை அது. பெரியண்ணனை விட்டுவிட்டு உங்களையோ ஒரு நண்பரையோ எழுதினால், அண்ணன் அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.