ஒரு பஸ் போதும்: கமரா கேள்வி-பதில்

கேள்வி: கொழும்பில் எடுக்கும் படங்களில் வீதி முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் ஓடுகின்றன. நானும் நாயாற்றுப் பாலத்துக்குக் கிட்ட முக்காலி வைத்து, இரவு எட்டரைக்குப் பிறகு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று ஷட்டரைத் திறந்து வைத்துப் பார்த்தேன். நூல் மாதிரி ஒரு கோடு, மிச்சமெல்லாம் கறுப்பு. வாகனம் குறைந்த எங்கள் பக்கத்தில் இது சரிவராதா?
- வாசகர், செம்மலை

பதில்: சரிவரும். வாகனம் குறைவு என்பதால் வந்த வினை இல்லை இது. நீங்கள் போன நேரம்தான் பிழை.

ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் ஓடும் விளக்கின் கோடு அதனால் கூடுதல் பிரகாசமாகாது. அந்த விளக்கு சென்சரின் ஒரு புள்ளியைக் கண நேரத்தில் கடந்துவிடும். அதன்பின் இரண்டு நிமிடம் காத்திருந்தாலும் அந்தப் புள்ளிக்கு அதிலிருந்து ஒன்றும் வராது. கோட்டின் பிரகாசத்தைத் தீர்மானிப்பவை லென்ஸின் துவாரம், ஐ.எஸ்.ஓ., வாகனத்தின் வேகம். மெதுவாகப் போகும் லாண்ட்மாஸ்டர் இழுக்கும் கோடு, பறந்து போகும் மோட்டார் சைக்கிளின் கோட்டைவிடத் தடிப்பாக விழுவது இதனால்தான். நேரம் கூடக் கூட வெளிச்சமாவது அசையாமல் நிற்பவை மட்டுமே: வானம், நீர், பாலத்தின் கைப்பிடிச் சுவர். எட்டரை மணிக்கு நாயாற்றில் அவற்றின் மேல் விழ வெளிச்சம் ஏது? கொழும்பில் தெருவிளக்கும் கடைவிளக்கும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

ஆகவே பொழுதுபட்ட கையோடு தயாராக நில்லுங்கள். நம் அகலாங்கில் அந்தி சட்டென்று முடிந்துவிடும். சூரியன் மறைந்து பதினைந்தாவது நிமிடத்திலிருந்து முப்பதாவது நிமிடம் வரைதான் உங்கள் காலம். எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 100, 15 செக்கன் என்று தொடங்குங்கள். இருட்ட இருட்ட 20, 30 செக்கன் என்று கூட்டலாம். துவாரத்தைத் தொட வேண்டாம், தொட்டால் கோட்டின் தடிப்பும் மாறிவிடும். 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பஸ் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடும். சட்டகத்துக்குள் 200 மீற்றர் வீதி இருந்தால் 12 செக்கனில் கடந்துவிடும். அது உள்ளே நுழையுமுன் அழுத்தினால் போதும், ஒரு பஸ்ஸே முழுக் கோட்டையும் போட்டுத் தரும். எனக்குக் கேட்டால், பாய் விரித்தது போல நெருங்கிக் கிடக்கும் நகரத்துக் கோடுகளைவிட, இருண்ட நீரோரம் தனியாகப் போகும் ஒற்றைச் சிவப்புக் கோடு மேல்.

எங்கே நிற்பது? அங்கே கடல் கிழக்கே, களப்பு மேற்கே. பாலத்தைக் கடந்து கொக்குத்தொடுவாய்ப் பக்கம் போய், வீதியின் கடற்புற ஓரத்தில் நின்று வடமேற்கே பாருங்கள். அந்தி வெளிச்சம் இடப்பக்கம் களப்பின் மேல் கிடக்கும். முல்லைத்தீவு போகும் வாகனங்கள் உங்களுக்குத் தூரத்து ஓரத்தால் போகும். அவற்றின் பின்விளக்குகள்தான் உங்களுக்கு வேண்டியவை. எதிரே வரும் வாகனம் கிட்ட வந்தால் முன்விளக்கு லென்ஸுக்குள் பாய்ந்து படத்தை வெளுக்கச் செய்யும். அதற்குப் பழைய பிலிம் காலத்து வழி ஒன்று இருக்கிறது. கமராவை ஷட்டர் திறந்தே இருக்கும் ‘பல்ப்’ முறைக்கு மாற்றி, கறுப்பு மட்டை ஒன்றை லென்ஸைத் தொடாமல் முன்னே பிடியுங்கள். வேண்டிய வாகனம் வரும்போது மட்டையை எடுங்கள், வேண்டாதது வரும்போது மறையுங்கள். மறைத்திருக்கும் நேரத்தில் ஒன்றுமே பதியாது. பத்து நிமிடத்துக்கு மூன்று வாகனம் ஓடும் வீதியில் இதைவிடச் சிக்கனமான வித்தை எனக்குத் தெரியாது.

மட்டை பிடிக்கப் பொறுமை இல்லையென்றால் 15 செக்கன் படங்களை விடாமல் எடுத்து, பிறகு கணினியில் ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சமானதை மட்டும் வைத்துக்கொள்ளும் ‘லைற்றன்’ முறையில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கலாம். ஸ்டார்ஸ்டாக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். அப்போது கமராவில் ‘நீண்ட நேர இரைச்சல் குறைப்பு’ என்பதை நிறுத்திவிடுங்கள். நிறுத்தாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் பின் அதே அளவு நேரம் கமரா தன்பாட்டில் இருட்டுப் படம் ஒன்று எடுத்துக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் போன பஸ் போனதுதான்.

முக்காலியைப் பாலத்தின் மேல் வைக்காதீர்கள். டிப்பர் ஒன்று ஏறினால் பாலமும் அதிரும், படமும் அதிரும். மணலில் கால்களை நன்றாக ஊன்றுங்கள். வாடைக் காற்றில் உப்பு ஈரம் லென்ஸில் படியும், அடிக்கடி பாருங்கள். குவியத்தை வெளிச்சம் இருக்கும்போதே தூரத்தில் வைத்துவிட்டு, தானியங்கிக் குவியத்தை நிறுத்துங்கள்.

இன்னொன்று. 2018 ஆகஸ்டில் மீனவர்களின் வாடிகளும் படகுகளும் வலைகளும் தீக்கிரையான கரை அது. இருட்டில் முன்பின் தெரியாத ஒருவர் கமராவோடு நின்றால் மனிதர்கள் சந்தேகப்படுவது நியாயம்தான். வாடிக்காரரிடம் முதலில் கதைத்துவிட்டு நில்லுங்கள். முகாம், சோதனைச் சாவடி எதையும் சட்டகத்துக்குள் கொண்டுவராதீர்கள். வெளிர்நிறச் சட்டை போடுங்கள். சாரதிக்கு நீங்கள் தெரிய வேண்டும்.

கேள்வி: பகலில் அதே இடத்தில் லென்ஸில் கறுப்புக் கண்ணாடி மாட்டி 30 செக்கன் எடுத்தேன். பஸ்ஸே இல்லாமல் வீதி வெறுமையாக வந்தது. ஏன்?
- வாசகர், அளம்பில்

பதில்: பகலில் வீதியும் வானமும் 30 செக்கனும் பதிந்துகொண்டிருக்கும், பஸ் ஒவ்வொரு புள்ளியிலும் கணநேரம்தான் நிற்கும். ஆகவே அழிந்துவிடும். 1838இல் புகைப்பட முன்னோடி டாகுவேர் பாரிஸில் எடுத்த வீதிப் படத்திலும் வண்டிகளையும் சனத்தையும் காணவில்லை. சப்பாத்துத் துடைக்க ஓரிடத்தில் நின்றவர்தான் பதிந்தார். இரவில் வாகனம் தன் விளக்கைத் தானே கொண்டுபோவதால் தப்பிக்கிறது.

கேள்வி: போனில் முடியுமா?
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: ‘நைட் மோட்’ வேண்டாம், அது அசைவதை அழிக்கப் பார்க்கும். ‘புரோ’ முறை இருந்தால் ஐ.எஸ்.ஓ.வை ஆகக் குறைத்து 10 செக்கன் வையுங்கள். பெரும்பாலான போன்களில் துவாரத்தை மாற்ற முடியாது, அதனால் முன்விளக்குகள் எரிந்து வெளுக்கும், பின்விளக்குகளையே நம்புங்கள். ஐபோனில் ‘லைவ் போட்டோ’ எடுத்துவிட்டு ‘லோங் எக்ஸ்போஷர்’ தெரிவு செய்யலாம். ஆனால் அது மூன்று செக்கன் அளவுதான், கோடு குட்டையாக வரும்.

கேள்வி: சில வாகனங்களின் கோடு மட்டும் புள்ளி புள்ளியாக விழுகிறது. கமரா பழுதா?
- வாசகர், முள்ளியவளை

பதில்: கமராவில் பழுதில்லை. எல்.ஈ.டி. பின்விளக்குகள் பலவற்றில் வெளிச்சத்தை மட்டுப்படுத்த, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து அணைத்து எரியவிடுகிறார்கள். வாகனம் ஓட, அந்த இடைவெளிகள் கோட்டில் தெரிகின்றன. பிரேக் பிடிக்கும்போது பெரும்பாலும் முழு வெளிச்சத்தில் எரியும் என்பதால், அந்த இடத்தில் கோடு தொடர்ச்சியாக இருக்கிறதா என்று உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.